“பூச்சுல சரியாப் போயிடும் சார்”: எங்கள் வீட்டுப் போர்டிகோவின் கதை

வீடு கட்டிய பன்னிரண்டு மாதத்தில் நான் அதிகமுறை கேட்ட வாக்கியம் இதுதான். சுவர் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்றால் பூச்சுல சரியாப் போயிடும். ஜன்னல் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிறதே என்றாலும் அதே பதில். கடைசியில் பூச்சால் சரியாக்கவே முடியாத ஒன்று வந்து நின்றது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன செலவானது, எதில் விட்டுக்கொடுத்தோம், எங்கெல்லாம் நானே முட்டாள்தனம் செய்தேன் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன். காண்ட்ராக்டரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம்.

இடம் திருச்சி புறநகர். 1,150 சதுர அடி, தரைத்தளம் மட்டும். பொருளும் ஆளும் அவருடையது, சதுர அடிக்கு 2,150 ரூபாய், மொத்தம் 24 லட்சத்து 72 ஆயிரத்துச் சொச்சம். 2022 பிப்ரவரியில் 20 ரூபாய் பத்திரத்தில் இரண்டு பக்க ஒப்பந்தம் போட்டோம். அதில் “தரமான கம்பி, தரமான சிமெண்ட் பயன்படுத்தப்படும்” என்று ஒரு வரி இருந்தது. தரமான என்றால் என்ன என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. காங்கிரீட் எம்20 (சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கும் தரம்) என்று எழுதவில்லை, கம்பியின் அளவு இல்லை, தவறு வந்தால் யார் செலவில் திருத்துவது என்பதும் இல்லை. பணம் கொடுக்கும் விதம்தான் இன்னும் மோசம்: முன்பணம் 10 சதவீதம், பேஸ்மெண்டுக்கு 20, லிண்டலுக்கு 20, “ரூஃப் போடும்போது” 25, பூச்சுக்கு 15, சாவி வாங்கும்போது 10. அந்த “போடும்போது” என்ற ஒரு சொல்லுக்காக நான் பிறகு எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ரூஃப் போடுகிற அன்று காலையில் 75 சதவீதம், அதாவது பதினெட்டரை லட்சம், அவர் கைக்குப் போய்விட்டது. வீடோ பாதிகூட முடிந்திருக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கியிலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார் இல்லையா, அவர் தரம் பார்க்க வருவதில்லை. கொடுத்த கடனுக்கு ஏற்ற அளவு கட்டடம் எழும்பியிருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் பைக்கை ஆஃப் கூடச் செய்யவில்லை.

முதல் எச்சரிக்கை ஏப்ரலிலேயே வந்தது. பில்லர் பலகை பிரித்த மறுநாள் சாயங்காலம் சும்மா பார்க்கப் போனேன். பன்னிரண்டு பில்லரில் இரண்டின் அடியில் மட்டும் ஒரு முழ உயரத்துக்குச் சாம்பல் நிறம் கொஞ்சம் கருத்து, தொட்டால் ஈரமாக இருந்தது. சிமெண்ட் பால் கரைத்துப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். பைக்கில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தினேன். ஒரு பில்லரில் பூச்சு உதிர்ந்து கொஞ்சம் ஜல்லி தெரிந்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் ஸ்க்ரூ டிரைவர் சரசரவென்று உள்ளே போய் டங்கென்று கம்பியில் முட்டி நின்றது. பில்லருக்குக் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 456, காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை. இங்கே இருந்ததோ காங்கிரீட்டே இல்லை, சிமெண்ட் பால் வழிந்து போன வெறும் ஜல்லிக் குவியல். பத்தடி உயரத்திலிருந்து சட்டியால் கொட்டியிருக்கிறார்கள், வைப்ரேட்டர் (காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) விடவில்லை, பலகையின் அடியில் இருந்த இடைவெளியைச் சாக்கு வைத்துக்கூட அடைக்கவில்லை. காங்கிரீட்டை ஒன்றரை மீட்டருக்கு மேல் விழவிடக்கூடாது என்பது அதே கோட் சொல்லும் பொது வழிகாட்டுதல்தான். ஜல்லி முதலில் போய்ச் சேர்ந்துவிடும், சாந்து பின்னால் வரும்.

மேஸ்திரியிடம் காட்டினேன். என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

அன்றைக்குத்தான் தனியாக ஒரு இன்ஜினியர் வேண்டும் என்று புத்தி வந்தது. தெரிந்தவர் மூலம் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்தேன். ஒரு வருகைக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாயும் ஒரு காபியும். வந்து இரண்டு பில்லரையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மேலோட்டமாக இருந்ததைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுருங்காத கிரவுட் (சந்தில் இறங்கி அடைக்கும் சிமெண்ட் கலவை) வைத்து அடைக்கச் சொன்னார். மற்றதைப் பார்த்து, “இன்னும் மேல பாரம் வரலை, இப்பவே ஒடச்சுப் போட்டா ஒரு நாள் வேலை. ரூஃப் போட்டப்புறம்னா தலைவலி” என்றார். காண்ட்ராக்டர் முறைத்தார், ஆனால் உடைத்து மறுபடி போட்டுக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் அந்த மனுஷன் மோசடிப் பேர்வழி இல்லை. கம்பியில் ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை, நான் எடை போட்டே பார்த்தேன். (கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி என்றால் 0.89.) ஒரே நேரத்தில் நாலு வீடு எடுத்திருந்தார், எதிலும் முழு நேரம் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்த தப்பெல்லாம் திருட்டில் வந்ததில்லை, ஆள் நிற்காததில் வந்தது.

ரூஃப் 2022 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் இன்ஜினியர் வந்து கம்பி முழுவதையும் பார்த்துவிட்டுப் போனார். எல்லாம் வரைபடப்படி இருந்தது. முன்பக்கம் பீமுக்கு வெளியே 5 அடி நீளும் போர்டிகோ தளத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். காரணம் எளிது. இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் தளம் நடுவில் தொங்கப் பார்க்கும், அதனால் அதன் அடிப்பக்கம் இழுபடும், கம்பி அடியில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தளம் முனையில் தொங்கப் பார்க்கும், அதன் மேல்பக்கம் இழுபடும், ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். அதை மேலேயே நிறுத்திவைக்க அடியில் சேர் கம்பி கொடுத்திருப்பார்கள். கொடுத்திருந்தார்கள். “காலையில எனக்குப் பேத்திக்குக் காதுகுத்து. நீங்க நில்லுங்க, இந்தப் போர்டிகோ கம்பியை யாரும் மிதிக்காமப் பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நின்றேன். நின்று என்ன செய்தேன்? காலை ஆறரைக்கு லிஃப்ட் மிஷின் வந்தது, பதினெட்டு ஆள். பொங்கல், வடை, சாம்பார் எங்கள் செலவு. பத்து மணிக்கு வெயில் ஏறியது. மிக்ஸர்காரர் தண்ணீரைக் கணக்கில்லாமல் வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தார். எம்20-க்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர்தான் உச்சம், அதிலும் மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் நான் முந்தின வாரமே படித்து வைத்திருந்தேன். படித்து என்ன பிரயோஜனம்? தென்கிழக்கு மூலையில் கம்பி நெருக்கமாக இருந்த இடத்தில் காங்கிரீட் இறங்காமல் நின்றபோது, “அண்ணே, இங்க எறங்கலையே, கொஞ்சம் இளக்கமா விடச் சொல்லுங்க” என்று சொன்னது நானேதான். வைப்ரேட்டரைக் கொண்டு வா என்று சொல்லியிருக்க வேண்டும். அது கீழே மிஷின் பக்கத்தில் சும்மா கிடந்தது.

போர்டிகோ? லிஃப்ட் மிஷின் நின்றதே போர்டிகோ பக்கம்தான். அத்தனை சட்டியும் அந்தக் கம்பியின் மேல் நடந்துதான் உள்ளே போனது. மிதிபலகை போடச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓரத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்வதைத்தான் அவர் சொன்னார் என்று நினைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பலகை பிரித்தார்கள். போர்டிகோவுக்கு அடியில் நின்ற முட்டுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மொட்டைமாடியில் தண்ணீர் கட்டியிருந்த பாத்தி காய்ந்தபோது, பீமின் வெளி விளிம்பை ஒட்டி, வீட்டின் அகலத்துக்கு நேர்கோடாக ஒரு விரிசல். தலைமுடி அளவுதான். நான் அதைப் பார்த்துப் பெரிதாகப் பயப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. எனக்கு அப்போது இருந்த கவலையெல்லாம் ஹால் தளத்தைப் பற்றி. அடியில் அங்கங்கே ஜல்லி தெரிந்தது, அந்த இளக்கமான காங்கிரீட் கண்ணிலேயே நின்றது. வீடே இடிந்து விழப்போகிறது என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி அவளையும் தூங்கவிடவில்லை. காண்ட்ராக்டரிடம் சண்டை போட்டதும் ஹாலுக்குத்தான். மாடி விரிசலை அவரிடம் காட்டியபோது “அது காயும்போது தானா வர்ற சுருக்க விரிசல் சார், சிமெண்ட் பால் ஊத்துனா மூடிக்கும்” என்றார். நானும் சரி என்றேன்.

இன்ஜினியர் மாடி ஏறினார். ஹால் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தக் கோட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். தானாக வரும் சுருக்க விரிசல் கோணல்மாணலாக, வலைபோல, எங்கு வேண்டுமானாலும் வரும். ஸ்கேல் வைத்தாற்போல் பீம் விளிம்பிலேயே ஓடாது. இறங்கி வந்து டியூப் லெவல் வைத்துப் போர்டிகோ முனையைப் பார்த்தார். 14 மில்லிமீட்டர் தொங்கியிருந்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை, “முதல்ல அடியில முட்டுக் கொடுங்க. சண்டை அப்புறம் போட்டுக்கலாம்.” அன்று இரவு எட்டு மணிக்குப் பத்து சவுக்கு முட்டு நிறுத்திய பிறகுதான் அவர் கிளம்பினார்.

அடுத்த வாரம் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்தார்கள். ரீபவுண்ட் ஹேமரால் தட்டினார்கள், கவர் மீட்டரால் கம்பி எங்கே இருக்கிறது என்று தடவினார்கள், ஹால் தளத்தில் மூன்று இடத்தில் கோர், அதாவது குடைந்தெடுக்கும் உருளைத் துண்டு, எடுத்தார்கள். ஹேமர் மட்டும் போதாதா என்று கேட்டேன். அது மேல்தோலின் கடினத்தைச் சொல்லும், எந்த இடம் பலவீனம் என்று சந்தேகப்படத்தான் உதவும், அதை வைத்து யாரிடமும் வாதாட முடியாது என்றார் இன்ஜினியர். கோர் மிஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு தளத்தைக் குடைந்தபோது அம்மா வாசலில் நின்று, “குடி போகாத வீட்டுல ஓட்டை போடுறியேடா” என்று சொன்னது இன்னும் காதில் கேட்கிறது. எல்லாம் சேர்ந்து பத்தொன்பதாயிரம் ரூபாய். என் பணம்தான்.

ரிசல்ட் வந்தது. கோர் மூன்றின் வலிமையும் 16.1, 17.9, 18.4. சராசரி 17.5-க்கு ஒரு மயிரிழை கீழே. ஐஎஸ் 456 கணக்குப்படி சராசரி கேட்ட வலிமையில் 85 சதவீதம் இருக்க வேண்டும், தனியாக எதுவும் 75-க்குக் கீழே போகக்கூடாது. எம்20-க்கு அது 17, 15. ஆக, தலைகீழாக நின்று நான் சண்டை போட்ட ஹால் தளம் பாஸ், பார்டரில் என்றாலும் பாஸ். நான் சரி என்று தலையாட்டிய போர்டிகோவில்தான் வில்லங்கம். 5 அங்குல, அதாவது 125 மில்லிமீட்டர் தளத்தில் மேலிருந்து 20 மில்லிமீட்டரில் இருக்க வேண்டிய 10 எம்எம் கம்பி, மேலிருந்து 65 மில்லிமீட்டரில் கிடந்தது. காங்கிரீட்டின் அடிவிளிம்பிலிருந்து கம்பியின் நடுவுக்கு உள்ள தூரம்தான் அதன் பிடி. அது 100 இருக்க வேண்டிய இடத்தில் 55. பலம் கிட்டத்தட்ட பாதிக்குப் போய்விட்டது. கம்பி இருக்கிறது, எடை சரி, பில் சரி, இடம்தான் தப்பு. முந்தின நாள் சாயங்காலம் சரியாக இருந்தது, மறுநாள் மதியத்துக்குள் மிதிபட்டு இறங்கிவிட்டது. என் மனைவி விளையாட்டாக எடுத்த வீடியோவில் பதினோரு மணி அளவில் நாலு பேர் சட்டியோடு அந்தக் கம்பிமேல் வரிசையாக நிற்பது தெளிவாகத் தெரிகிறது. பிறகு பேச்சுவார்த்தையில் எனக்கு உதவியதும் அந்த ரிப்போர்ட்டும் இந்த வீடியோவும்தான், என் கோபம் இல்லை.

காண்ட்ராக்டரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அதுவரை “சார்” என்றவர் அன்று “தம்பி” ஆக்கிவிட்டார். “தம்பி, நான் இருபது வருஷமா வீடு கட்டுறேன், எந்த வீடு விழுந்துச்சு?” ஆடி மாசம் கழியட்டும் என்று சொல்லி ஆட்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆறு வாரம் ஒரு செங்கல் நகரவில்லை. எனக்கோ வீட்டு வாடகை 9,000, வங்கி வட்டி 11,000, இரண்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஆறு வாரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஆளாளுக்கு ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, போ என்றார்கள், அவர் சிரித்தார். 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டத்தில் 14(3) பிரிவு இருக்கிறது, ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைக் குறையோ வந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று. ஆனால் அது ஃபிளாட்டோ வீடோ கட்டி விற்கிறவருக்கு. நம் சொந்த மனையில் நாமே ஆள் வைத்துக் கட்டினால் அந்தக் கதவு திறக்காது. நமக்குள்ள வழி நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது, 2019 சட்டத்திலும் அது இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். என் தொகைக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எல்லாம் சரி, ஆனால் வழக்கு நடக்கும்போது அந்தப் போர்டிகோவை யார் தொடுவது? ஆணையம் ஆள் அனுப்பிப் பார்க்கும்வரை அப்படியே வைத்திருப்பதுதான் நல்லது என்றார். முட்டுக் கொடுத்த வீட்டை எத்தனை மாதம் அப்படியே வைப்பது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் இருபதாயிரம். நான் வழக்குப் போடாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, இதுதான்.

வக்கீல் நோட்டீஸ் மட்டும் போனது. ஆவணி பிறந்ததும் அவரே போன் செய்தார், “வாங்க சார், பேசுவோம்.” மறுபடி சார்.

மூன்று வழி இருந்தது. போர்டிகோவை உடைத்து மறுபடி போடுவது: உள் தளத்திலிருந்து வரும் கம்பியைக் காப்பாற்றி உடைக்க வேண்டும், உடைக்கும் அதிர்வில் பீமுக்கு என்ன ஆகும் என்பது தனிக் கவலை. வெட்டி எடுத்துவிட்டுப் போர்டிகோவே வேண்டாம் என்று விடுவது: மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது, முனைக்கு அடியில் இரண்டு தூண் எழுப்பி, அதன்மேல் 150 எம்எம் இரும்பு கர்டர் வைத்து, கர்டருக்கும் தளத்துக்கும் நடுவில் சுருங்காத கிரவுட் அடைப்பது. இன்ஜினியர் இதைத்தான் சொன்னார், சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். இரண்டு பக்கமும் பிடிமானம் வந்துவிட்டால் தளம் வளைகிற விதமே மாறிவிடும், விசை நாலில் ஒரு பங்காகக் குறையும், அடிப்பக்கம் இழுபடும். கம்பி ஏற்கெனவே கீழே போய்க் கிடக்கிறது அல்லவா? கர்டர் வந்த பிறகு அது இருக்கும் இடம் கிட்டத்தட்ட நியாயமான இடம்தான். இத்தனை பேர் மிதித்து இறக்கியதை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளும் ஒரே வழி.

புதிதாக எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் தூண், அஸ்திவாரம், கர்டர், விரிசலை அடைக்கும் எபாக்ஸி பசை எல்லாம் அவர் செலவு. டெஸ்ட் செலவில் பாதி அவருடையது. பாக்கி 25 சதவீதத்தை ஆறு துண்டாக உடைத்தோம், ஒவ்வொன்றும் வேலை முடிந்து இன்ஜினியர் பார்த்த பிறகு. கடைசி ஒரு லட்சம் ஒரு மழைக்காலம் தாண்டிய பின். இதில் கடைசி வரிக்குத்தான் மூன்று மணி நேரம் ஆனது, இரண்டு டீ, ஒரு கோபித்துக்கொண்டு எழுந்து போதல், வாசல்வரை போய்த் திரும்பி வருதல். துண்டு துண்டாகப் பணம் என்று ஆனதும் காண்ட்ராக்டரே காலையில் சைட்டில் நிற்க ஆரம்பித்துவிட்டார். பிப்ரவரியிலேயே இப்படி எழுதியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சமையலறைச் சுவர் ஒன்று பத்தடிக்கு 22 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. மூன்று மீட்டருக்கு 6 மில்லிமீட்டர்வரைதான் அனுமதி. உடைக்கவில்லை, ஒரே பூச்சாக ஒன்றரை அங்குலம் அப்பாமல் இரண்டு தடவையாக நடுவில் கோழிவலை அடித்துப் பூசவைத்தோம், இதுவரை விரிசல் இல்லை. ஆக, பூச்சுல சரியாப் போனதும் ஒன்று உண்டு. டைல்ஸ் ஒட்டிய பிறகு காசை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினேன், டொக் டொக் என்று பொக்கைச் சத்தம் கேட்டதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன், 31 டைல்ஸ் மாற்றினார்கள்.

2023 தை மாசம் குடிபோனோம். அந்த வருஷ ஐப்பசி மழையில் மாடியில் ஒழுகவில்லை, அடுத்த வாரமே கடைசி ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டேன். தூண் வந்ததால் கார் உள்ளே விடும்போது கண்ணாடியை மடக்க வேண்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் போர்டிகோவுக்குத் தூண் நல்லா இருக்கே, யார் டிசைன் என்று கேட்கிறார்கள்.

பாத்ரூம் ஒன்றில் மட்டும் வாட்டம் தப்பு, தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்து நிற்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அன்றைக்கு எனக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. கடைசியாகக் குளிக்கிறவர் வைப்பர் போட்டுத் தள்ள வேண்டும் என்று வீட்டில் சட்டம். பெரும்பாலும் நான்தான்.